ஆசுப்பத்திரி வாட்டில் துணைக்கு நிற்கப் போகிறவர்களுக்கு: மருந்தோடு சேர்த்து நாம் செய்யக்கூடியவை

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, மறுநாள் காலை ஒப்பரேசன். இரவு நான்தான் துணைக்கு நின்றேன். அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "ஒண்டும் ஆகாது அம்மா, பயப்பிடாதேங்கோ" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் கை இன்னும் இறுகியது. பக்கத்துக் கட்டில் ஆச்சியின் மகள் எழும்பி வந்தார். "அக்கா, நீங்கள் கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ" என்றார். பிறகு அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "அம்மா, வாய் காயுதோ? சலம் போகவேணுமோ? முதுகுக்குள்ள ஏதும் குத்துதோ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு அம்மா தலையாட்டினார். முதுகின் கீழே விரிப்பு கயிறு போலச் சுருண்டு கிடந்தது. தாதியைக் கூப்பிட்டு, இருவருமாக அதை இழுத்துச் சரிசெய்தார்கள். அம்மாவின் கை கம்பியை விட்டது.

மூன்று மணித்தியாலம் பக்கத்திலேயே இருந்தும் நான் அதைக் கேட்கவில்லை. அதன் பிறகு சொந்தக்காரர், அயலவர் என்று பலரோடு வாட்டில் நின்றுவிட்டேன். தாதிமாரிடமும் பிசியோ செய்கிறவர்களிடமும் கேட்டுக் கேட்டுப் பழகியவற்றை, முதல் தடவையாகத் துணைக்குப் போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பக்கத்தில் ஆசுப்பத்திரிக்குப் போவதென்றால் பெரும்பாலும் தூரம் போவதுதான். ஒட்டுசுட்டானிலிருந்து மாஞ்சோலைக்கு, துணுக்காயிலிருந்து கிளிநொச்சிக்கு, செட்டிகுளத்திலிருந்து வவுனியாவுக்கு. அங்கேயும் முடியாவிட்டால் யாழ்ப்பாணம், அனுராதபுரம். புற்றுநோய் என்றால் தெல்லிப்பளை அல்லது மகரகம. வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்து கிடக்கிறவருக்கு நோவோடு அந்தரமும் சேர்ந்துகொள்ளும். அந்தரம் கூடினால் நோவும் கூடும். இந்தச் சுற்றை அறுக்கத் துணைக்கு நிற்கிறவரால் நிறையச் செய்யமுடியும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதிலுள்ள எதுவும் மருந்துக்குப் பதில் இல்லை. நோ மருந்து எழுதியிருந்தால் அதை நேரத்துக்குக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். "மருந்து கனக்கக் குடிக்கக்கூடாது, தாங்கிக்கொள்ளுங்கோ" என்று நோயாளரை நோவோடு படுக்கவைக்காதீர்கள். நெஞ்சு நோ, திடீர் மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாவது, வயிறு பலகை போல இறுகுவது, ஆள் மாறாட்டமாகக் கதைப்பது, புதிதாக வந்த கடும் நோ ஆகியவற்றைக் கண்டால் விசிறி, எண்ணெய் எல்லாவற்றையும் வைத்துவிட்டு உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

கேட்பதும் குறிப்பதும்

போகும்போது ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கள். வாட்டில் நோவைப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். பூச்சியம் என்றால் நோ இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. எங்கள் வயதானவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. "ஒரு ரூபா நோவோ, அஞ்சு ரூபா நோவோ, பத்து ரூபா நோவோ?" என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். நேரம், எத்தனை ரூபா நோ, நீங்கள் என்ன செய்தீர்கள், அரை மணித்தியாலம் கழித்து எத்தனை என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு நாள் எழுதினால் எது இவருக்குக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்பது வெளிச்சமாகும். டொக்டர் வந்து "இரவு எப்படி?" என்று கேட்கும்போது "சரியான நோ டொக்டர்" என்று சொல்வதைவிட அந்தப் பக்கத்தைக் காட்டுவது பெரிய உதவி.

அடுத்ததாக, அந்த ஆச்சியின் மகள் கேட்டதையெல்லாம் நீங்களும் கேளுங்கள். வாய் காய்கிறதா, சலம் முட்டுகிறதா, விரிப்பு ஈரமா, குளிருகிறதா, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதா. இரவில் வயதானவர்கள் புரண்டு புரண்டு கிடப்பதற்குச் சலம் முட்டியிருப்பதே பல தடவை காரணமாக இருக்கும். வாயைத் திறந்து சொல்ல வெட்கப்படுவார்கள். ஒப்பரேசனுக்காகத் தண்ணீர் நிறுத்தியிருந்தால் தாதியைக் கேட்டு, சுத்தமான துணியை நனைத்து உதட்டை மட்டும் ஒற்றிவிடலாம். முறிவு உள்ளவரை நீங்களாகப் புரட்ட வேண்டாம், ஆள் கூப்பிடுங்கள்.

யன்னல் பக்கக் கட்டில் கிடைத்தால் விடாதீர்கள். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் பித்தப்பை ஒப்பரேசன் செய்தவர்களின் பழைய பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து 1984இல் எழுதினார். யன்னலால் மரங்கள் தெரிந்த அறைகளில் கிடந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடக் குறைவான கடும் நோ மருந்தோடு, கொஞ்சம் கெதியாக வீட்டுக்குப் போயிருந்தார்கள். எங்கள் வாட்டுகளின் வெளியே வேம்பு, பாலை, மா என்று ஏதோ ஒரு மரம் நிற்கும். கட்டில் மாற்றமுடியாவிட்டால் தலைமாட்டை மாற்றிப் படுக்கவைக்கலாமா என்று கேளுங்கள். இரவில் கைலேஞ்சியை மடித்துக் கண்ணுக்கு மேல் போடலாம். உங்கள் போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் வாட்டுகளுக்கு 30 டெசிபல் அளவு அமைதியைப் பரிந்துரைக்கிறது, அது குசுகுசுப்பு அளவு சத்தம். பார்க்க வருகிறவர்கள் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று, காணி வழக்கு முதல் கலியாணப் பேச்சுவரை கதைத்தால் அவர் எப்படி நித்திரை கொள்வார்? ஒரு நேரத்தில் இரண்டு பேர் என்று நீங்களே ஒழுங்குபடுத்துங்கள். கோபிப்பார்கள், பரவாயில்லை.

விசிறி

பனையோலை விசிறி ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். மின்சாரம் போகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நாட்பட்ட சுவாச வருத்தம், புற்றுநோய், இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும் உணர்வு வரும்போது, முகத்தில் குளிர்காற்று படுவது அந்த உணர்வைக் குறைக்கிறது. மூக்கையும் கன்னங்களையும் சுற்றியுள்ள நரம்புகள் அந்தக் குளிர்ச்சியை மூளைக்குச் சொல்வதுதான் இதன் அடிப்படை என்று விளக்குகிறார்கள். நோவாற்றும் சிகிச்சை செய்கிறவர்கள் சிறிய கை மின்விசிறியை இதற்காகவே கொடுக்கிறார்கள்.

ஆளை நிமிர்த்திச் சாய்த்து இருத்துங்கள், அல்லது முன்னுக்குத் தலையணை வைத்து அதன்மேல் கைகளைச் சாய்க்கவிடுங்கள். ஒரு முழத் தூரத்தில் நின்று மூக்குக்கும் மேலுதட்டுக்கும் காற்றுப் படும்படி ஆறுதலாக வீசுங்கள். ஐந்து நிமிடம் போதும். வேகமாக வீசினால் அவரும் வேகமாக மூச்செடுப்பார். கை நோகாத வேகம்தான் சரியான வேகம். ஒட்சிசன் போட்டிருந்தால் குழாயையும் முகமூடியையும் தொடாதீர்கள். ஒட்சிசன் இருக்கும் இடத்தில் கற்பூரம், ஊதுவத்தி, விளக்கு எதையும் கொளுத்தவே கூடாது, தீப்பற்றிவிடும். சாமி கும்பிட வேண்டுமென்றால் நெற்றியில் திருநீறு பூசுங்கள், அதில் ஒரு பிழையும் இல்லை.

மூச்சு

வாட்டில் "மூச்சை இழுத்து விடுங்கோ" என்று எல்லாரும் சொல்வார்கள், எப்படி என்று சொல்லமாட்டார்கள். பயத்தில் இருப்பவர் அதைக் கேட்டுப் பெரிதாக, கெதிகெதியாக இழுப்பார். தலை சுற்றும், விரல் நுனி விறைக்கும், பயம் இரட்டிக்கும். ஆகவே இழுப்பதைப் பற்றிக் கதைக்காமல் விடுவதைப் பற்றிக் கதையுங்கள்.

பக்கத்தில் இருந்து, அவருடைய கையை அவருடைய வயிற்றில் வைக்கச் சொல்லுங்கள். வயிற்றில் ஒப்பரேசன் என்றால் நெஞ்சில் வைக்கட்டும். மூக்கால் சாதாரணமாக ஒரு மூச்சு எடுக்கட்டும், மனதுக்குள் நாலு எண்ணும் அளவு. பிறகு உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதும் ஊதாங்குழலை வாயில் வைத்ததுபோல, ஆறு எண்ணும் அளவு மெல்ல ஊதட்டும். நெருப்பை அணைக்கும் ஊதல் வேண்டாம், தணலைச் சிவக்கவைக்கும் ஊதல். எங்கள் அம்மாமாருக்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படாது. அம்மா உடனே பிடித்துக்கொண்டார். "விறகு ஈரமெண்டால் இன்னும் கொஞ்சம் ஊதவேணும்" என்று சொல்லிச் சிரித்தார், அந்த ஆசுப்பத்திரியில் அவர் சிரித்த முதல் தடவை அது.

நீங்களும் சேர்ந்து ஊதுங்கள். உங்கள் மூச்சு தணிந்தால் அவருடையது தானாகப் பின்னால் வரும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் நின்றால் நல்லது, ஆனால் கணக்குப் பார்த்து ஆளைக் களைக்கப் பண்ணாதீர்கள். ஐந்து நிமிடம் செய்துவிட்டு விடுங்கள். சேலைன் ஊசி குத்தும் நேரத்தில் முதல் தடவையாகப் பழக்கமுடியாது. முதல் நாள் பின்னேரமே இரண்டு மூன்று தரம் பழக்கிவிடுங்கள். ஊசி ஏறும்போது "இப்ப ஊதுங்கோ" என்ற ஒரு சொல் போதும்.

மூச்சு பழகினவருக்கு அதோடு சேர்த்துத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறையையும் சொல்லிக்கொடுக்கலாம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் நூறு வருடத்துக்கு முன் உருவாக்கியது. கையைப் பொத்தி ஐந்து எண்ணும் வரை இறுக்கி, பொசுக்கென்று விடுவது. பிறகு தோள், முகம், கால். காயம் உள்ள பக்கத்தை இறுக்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது, பிரசரோ இருதய வருத்தமோ உள்ளவர் டொக்டரைக் கேட்டுவிட்டு மெதுவாகச் செய்யலாம்.

தொடுகை

பிள்ளை முழங்கால் அடிபட்டு ஓடிவந்தால் நாம் முதலில் செய்வது தேய்த்துவிடுவதுதான். அது ஏன் நோவைக் குறைக்கிறது என்பதற்கு ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வால் என்ற இருவர் 1965இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். முள்ளந்தண்டில் நோச் செய்தி மேலே போகும் இடத்தில் ஒரு படலை போன்ற ஒழுங்கு இருக்கிறது. தொடுகையின் செய்தி வந்தால் அந்தப் படலை கொஞ்சம் சாத்தப்படுகிறது.

தொடுவதற்கு முதல் கேளுங்கள். அதுவும் போர் நடந்த எங்கள் மண்ணில். பின்னால் வந்து தோளில் கை வைத்தால் துள்ளி எழும்புகிறவர்கள் இங்கே ஏராளம். முன்னால் வந்து, கண்ணில் பட்டு, "கையைப் பிடிக்கட்டோ ஐயா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

சம்மதித்தால் கையிலிருந்து தொடங்குங்கள். சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றுங்கள். தேங்காயெண்ணெய் ஐந்தாறு துளி உங்கள் உள்ளங்கையில் விட்டுச் சூடாக்குங்கள். அவருடைய கையை உங்கள் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சும்மா கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். பிறகு பெருவிரல்களால் உள்ளங்கையின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தடவுங்கள். ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை. கைக்கு ஐந்து நிமிடம். பாதமும் இப்படித்தான், குதியிலிருந்து விரல்வரை. அழுத்தம் வேண்டாம், தோலுக்கு மேலே போகிற வேகம் ஆறுதலாக இருந்தால் அதுவே போதும்.

எங்கே தொடக்கூடாது என்பதை வடிவாக மனதில் பதியுங்கள். வீங்கிச் சூடாக இருக்கும் கெண்டைக்காலில் கட்டிய இரத்தம் இருக்கலாம், தேய்த்தால் அது கழன்று சுவாசப்பைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். டெங்குவில் இரத்தச் சிறுதட்டு குறைந்தவரை அழுத்தாதீர்கள். காயம், தையல், கட்டி, ஊசி ஏறிய இடம் எல்லாம் விலக்கு. இரத்தச் சுத்திகரிப்புக்கு என்று கையில் நாளம் இணைத்திருப்பவரின் அந்தக் கையை அமத்தவோ, அதில் இறுக்கமாக எதையும் கட்டவோ கூடாது. சுத்திகரிப்புக்கு ஒரு தடவையில் நாலு மணித்தியாலம் அளவில் கிடக்கவேண்டும், அந்த நேரத்தில் மற்றக் கையையும் பாதத்தையும் தடவிக்கொடுப்பது நல்ல உதவி. உடம்பில் ஷெல் துண்டு இருக்கும் இடத்தைத் தேய்க்கவே வேண்டாம். நீரிழிவால் விறைத்த காலுக்குச் சுடுதண்ணிப் போத்தல் வைக்காதீர்கள், சுட்டாலும் அவருக்குத் தெரியாது. எரிவும் மணமுமாக இருக்கும் தைலங்களைச் சின்னப் பிள்ளைகளுக்கும், முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கும் பூசவேண்டாம்.

ஓங்காளத்துக்கு ஒரு புள்ளி உண்டு. நோயாளரின் மணிக்கட்டு மடிப்பிலிருந்து அவருடைய மூன்று விரலை முழங்கைப் பக்கமாகக் குறுக்கே வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், இரண்டு நரம்பு போன்ற நாண்களுக்கு நடுவில் பெருவிரலால் நோகாமல் இரண்டு மூன்று நிமிடம் அமத்திப் பிடியுங்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு வரும் ஓங்காளத்தை இது குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஊசி ஏற்றிய கையை விட்டுவிட்டு மற்றதில் செய்யுங்கள்.

பாட்டு

ஒப்பரேசனுக்கு முன்னும் பின்னும் பாட்டுக் கேட்பது நோவையும் பதகளிப்பையும் குறைக்கிறது என்று 70க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2015இல் லான்செற் மருத்துவ இதழில் எழுதினார்கள். செலவில்லாத வழி. போனில் இயர்போன் செருகி, மெல்லிய சத்தத்தில், அரை மணித்தியாலம். ஒரு காதை மட்டும் மூடுங்கள், தாதி கூப்பிடுவது கேட்கவேண்டும்.

எந்தப் பாட்டு என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். நான் ஒருமுறை ஒரு பெரியம்மாவுக்கு நல்லதென்று நினைத்து ஒரு பழைய பாட்டைப் போட்டேன். அவர் முகம் இறுகி, கண்ணால் வழியத் தொடங்கியது. இல்லாமல் போன மகன் முணுமுணுக்கும் பாட்டு அது. எங்கள் வீடுகளில் எந்தப் பாட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. "என்ன கேட்கப் பிரியம்?" என்று கேட்டால் ஒருவர் வற்றாப்பளைக் கோயில் பாட்டு என்பார், இன்னொருவர் மடு மாதா பாட்டு என்பார், வேறொருவர் பழைய ரேடியோ நாடகம் என்பார், ஒருவர் ஒன்றுமே வேண்டாம் என்பார்.

காலோ கையோ இழந்தவர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வன்னியில் இது வீட்டுக்கு வீடு உள்ள விஷயம். 2009இல் போர் முடிந்து இத்தனை வருடமாகியும், இல்லாத காலின் பெருவிரல் நோகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறு வருத்தத்துக்காக வாட்டில் படுத்தால், நித்திரைக் குறைவிலும் பயத்திலும் அந்த நோ எழும்பும். பக்கத்தில் இருப்பவர்கள் "பிரமை" என்று சொல்லிவிடுவார்கள். அது உண்மையான நோ. மூளையில் அந்தக் காலுக்கான இடம் இன்னும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு நீளக் கண்ணாடியை நெடுக்காக நிறுத்தி, கண்ணாடியின் முகம் நல்ல கால் பக்கம் இருக்கும்படி வைக்கவேண்டும். குறைந்த கால் கண்ணாடியின் பின்னால் மறைந்துவிடும். அவர் கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு காலும் இருப்பதுபோலத் தெரியும். இனி நல்ல பாதத்தை ஆறுதலாக மடித்து நிமிர்த்தி, விரல்களைச் சுருக்கி விரிக்கட்டும். இறுகிக் கிடந்த இல்லாத கால் தளர்வதுபோலச் சிலர் உணர்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நாளும், சில கிழமைகளுக்கு. எல்லாருக்கும் கேட்காது. முதல் தடவை சிலர் அழுவார்கள், சிலருக்குத் தலை சுற்றும். அப்படியென்றால் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். முதல் தடவை பிசியோ செய்கிறவரை வைத்துத் தொடங்குவதே நல்லது.

ஷெல் துண்டு உடம்பில் இருப்பவர் எம்ஆர்ஐ எடுக்கப் போனால், கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லுங்கள். அந்தக் கருவி பெரிய காந்தம், உள்ளே இருக்கும் உலோகம் அசையலாம். கண்ணுக்குப் பக்கத்தில் துண்டு இருந்தால் இன்னும் கவனம். பங்கருக்குள் கிடந்தவர்களுக்கு அந்தக் குழாயும் அதன் தடதடப்பும் பழைய நாட்களைக் கொண்டுவரும் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

தட்டு விழுந்த சத்தத்துக்கோ ஹெலிக்கோ ஒருவர் திடுக்கிட்டு உறைந்துபோனால், கட்டிப்பிடிக்கவோ உலுக்கவோ வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நீங்கள் ஆசுப்பத்திரியில இருக்கிறீங்கள், நான் பக்கத்தில இருக்கிறன், இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று சொல்லுங்கள். பாதம் நிலத்தில் படட்டும். கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லுங்கள்: யன்னல், போத்தல், செருப்பு. மெல்ல ஆள் திரும்பி வருவார்.

தெரியாமல் இருப்பதும் ஒரு நோ

அம்மாவின் அந்தரத்தில் பாதி, நாளைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாததுதான். அங்கே ரவுண்ட் வந்த டொக்டர்மார் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கதைத்துவிட்டுப் போனார்கள், எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. இப்போது நான் மூன்று கேள்வியைக் கொப்பியில் எழுதிவைத்துக் கேட்பேன். என்ன செய்யப்போகிறீர்கள்? எப்போது? செய்யும்போது அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு நோகும்? மொழி இடித்தால் தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ பக்கத்தில் கூப்பிடுங்கள். விடை கிடைத்ததும் நோயாளருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "கொஞ்சம் குத்தும், பத்து எண்ண முடிஞ்சிடும்" என்பதை ஆள் தாங்குவார். "நோகவே நோகாது" என்று சொல்லி நொந்தால் உங்களை அடுத்த தடவை நம்பமாட்டார்.

கஷாயம், குளிசை, நாட்டு எண்ணெய் ஏதும் கொடுப்பதென்றால் டொக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். சில மூலிகைகள் இரத்தம் உறைவதைக் குழப்பும், சில சிறுநீரகத்துக்குக் கூடாது.

அப்புறம் நீங்கள். இரவு முழுக்க முழித்து, தேத்தண்ணியில் நாள் கடத்தினால் மூன்றாம் நாள் உங்கள் கை நடுங்கும், அது அவருக்குத் தெரியும். ஆள் மாறி நில்லுங்கள். மனம் தாங்கமுடியாமல் போனால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு அழைக்கலாம். மாறும்போது கொப்பியையும் விசிறியையும் வருகிறவர் கையில் கொடுங்கள், வாயால் சொன்னால் பாதி மறந்துவிடும். நான் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறின அன்று கொப்பியில் இருந்த கடைசி வரிகள் இவை:

"இரவு 9.20. ஏழு ரூபா நோ. மருந்து குடுத்தாச்சு. ஊதினது, இடக்கை தடவினது. 9.55. மூண்டு ரூபா. யன்னல் பக்கம் திருப்பிப் படுத்தினம், தாதி மிஸ் உதவி. நித்திரை. வலக்காலைத் தொடாதே."